நாற்பத்திரண்டு கையெழுத்துக்காரி

சுஜிலா முற்றத்தில் குந்தியிருந்து மரச்சீனிக் கிழங்கு தொலித்துக்கொண்டிருந்தாள், கிழங்கின் வாலைக் கிள்ளி, கத்தி முனையால் நெடுக ஒரு கோடு கீறி, பெருவிரலை உள்ளே கொடுத்து ஒரு நெம்பு நெம்பினால் மண்நிறத் தொலியும் அதற்கடியில் இருக்கிற இளஞ்சிவப்புத் தொலியும் ஒன்றாய்ச் சுருண்டு வந்துவிடும், அப்படி ஏழு கிழங்கு முடித்து எட்டாவதைக் கையில் எடுத்தபோது, கிழக்கே ஓடைப்பக்கமிருந்து இடவழியாக நாற்பத்திரண்டு ஜோடி கையுறைகள் நடந்து வந்தன.

நீல ரப்பர் கையுறைகள், புதுசு, மடிப்புக்கூடக் கலையவில்லை. விரல்களை ஊன்றி நண்டுபோல் நடந்தாலும் நண்டுபோல் பக்கவாட்டில் போகாமல் நேராக, அவசரமில்லாமல், சாயங்காலம் அடையப் போகிற கோழிகள் யாரிடமும் வழி கேட்காததுபோல் இவையும் கேட்காமல், தங்கலீலா வீட்டு நடையில் ஒரு ஜோடி ஏறியது, செல்வபாய் வீட்டு அடுக்களைக்குள் ஒரு ஜோடி போனது, மேலே மாதா சிலை நிற்கிற குருசடி வரைக்கும் கீழே குளத்தங்கரை வரைக்கும் ஜோடி ஜோடியாய்ப் பிரிந்து போயின. ஒரு ஜோடி மட்டும் சுஜிலாவின் முற்றத்தோரம் நின்று, ஒரு விரலை நீட்டி முதல் படியைத் தொட்டுப் பார்த்து, இந்த வீடு இல்லை என்று தெரிந்ததும் நகர்ந்தது. சட்டை நுனியைக் கடித்துக்கொண்டு நின்ற ஜெர்லின், சுஜிலாவின் மகள், இரண்டரை வயசு, அதற்கு டாட்டா காட்டினாள். இடதுகைக் கையுறை நின்று, திரும்பி, டாட்டா காட்டிவிட்டு, தன் ஜோடியைப் பிடிக்க ஓடியது.

சுஜிலாவுக்கு அது இன்னதென்று உடனே தெரிந்துவிட்டது. அது பக்கம் ஒன்று. அதை எழுதினவள் அவள்.

பனிச்சவிளையில் அண்டியாப்பீஸ் என்று சொல்வது முந்திரிக்கொட்டை உடைத்துப் பருப்பெடுக்கிற ஆலையை. நாற்பத்துமூன்று பெண்கள் அதில் வேலை பார்த்தார்கள், கொட்டை உடைப்பவர்கள் ஒரு பக்கம், பருப்பின் தொலி சுரண்டுபவர்கள் இன்னொரு பக்கம். உடைப்பவர்கள் கையில் கொட்டையின் எண்ணெய் ஏறி, தீப்பட்டதுபோல் வெந்து, கறுத்து, சாம்பலைப் பூசினாலும் போகாது, அவர்கள் ஒரு தாளைத் தொட்டால் தாள் கறுத்துப் போகும். ஆனால் தாளைத் தொட்டுத்தான் ஆக வேண்டும். மாதத்துக்கு ஒன்றாய், கையுறை வாங்கினேன், முகமூடி வாங்கினேன், தீ பிடித்தால் ஓடுவதற்குப் பயிற்சி எடுத்தேன், டாக்டர் வந்து பார்த்தார் என்று ஒவ்வொருத்தியும் பெரிய நோட்டில் கையெழுத்துப் போட்டிருந்தால்தான் இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்கு மானேஜர் கிறிஸ்துதாஸ் சாருக்கு உறக்கம் வரும். கையுறை வரவில்லை, முகமூடி வரவில்லை, டாக்டர் வந்ததில்லை. நோட்டு மட்டும் வந்தது.

சுஜிலா தொலி சுரண்டுகிறவள். கை வெளுப்பு. அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்தவள், எழுத்து முத்துமுத்தாய் இருக்கும், எதற்கும் எதிர்த்து வாய் திறக்க மாட்டாள். மானேஜர் சார் அவளைக் கூப்பிட்டு, “எல்லாருக்கும் நீயே போடு பிள்ளே,” என்றார். அவள் பேனாவை வாங்கி மூடியைத் திறக்காமல் வைத்திருந்தாள். “எழுது. தாளுக்கு என்ன, நோவவா செய்யும்?” என்றார்.

எழுதினாள். வெறும் பெயரைக் கிறுக்கிப்போடவும் மனசில்லாமல், நாற்பத்திரண்டு பேருக்கும் நாற்பத்திரண்டு கையெழுத்தை யோசித்து யோசித்து உண்டாக்கினாள். தங்கலீலாவின் கொண்டையைப்போல் ஒரு பெரிய சுழி, செல்வபாய் நடக்கையில் கொஞ்சம் சாய்வாளே, அந்தச் சாய்வில் ஒரு கோடு, சண்டைக்காரி புஷ்பலதாவுக்கு வரிசையாய் நாலு குத்து, இப்படி, ஆளைப் பார்த்தால் கையெழுத்து ஞாபகம் வரும், கையெழுத்தைப் பார்த்தால் ஆள் ஞாபகம் வரும். பக்கத்துக்கு நாற்பத்திரண்டு கோடு. ஆள் நாற்பத்துமூன்று. முதல் மாதம் அவள் தன் பெயருக்காக அடுத்த பக்கத்தைத் திருப்பியபோது, “ஒரு ஆளுக்காவ ஒரு பக்கமா? தாளு என்ன மரத்திலயா காய்க்கு?” என்றார் மானேஜர் சார். “எனக்கு வேண்டாம் சாரே,” என்றாள் சுஜிலா. எட்டு வருஷம், தொண்ணூற்றாறு மாதம், தொண்ணூற்றாறு பக்கம், எனக்கு வேண்டாம் சாரே.

பங்குனி கடைசியில் ஆலையை மூடிவிட்டார்கள். முதலாளி கணக்குப் புத்தகங்களையும் பூட்டுகளையும் மின்விசிறியையும் ஏற்றிக்கொண்டு போனார், யாருக்கும் எதற்கும் ஆகாது என்று பெரிய நோட்டை மட்டும் மேஜைமேல் விட்டுவிட்டுப் போனார். வேலை போன தொழிலாளிகளுக்கு அரசாங்கம் உதவி தரும், ஆறு மாதம் உதவிப்பணமும் புதுத் தொழில் பயிற்சியும், பிள்ளைகளை விட ஒரு காப்பகமும், ஆனால் ஆலையில் வேலை பார்த்ததற்கு ஏதாவது ஒரு தாள் வேண்டும் என்று தொழிலாளர் ஆபீஸில் சொன்னார்கள். இருந்த ஒரே தாள் பெரிய நோட்டு. தங்கலீலா அதைத் தலையில் வைத்துச் சுமந்துகொண்டுபோய் ஆபீஸில் கொடுத்து, சீல் குத்தின ரசீது வாங்கி வந்தாள். அதற்கு மறுநாள்தான் கையுறைகள் வந்தன.

ஊர் அதைப்பற்றி ரொம்ப யோசிக்கவில்லை. “தாளு இப்பதானே அரசாங்கத்துக்க கையில போய்ச் சேந்திருக்கு,” என்றாள் தங்கலீலா, கையுறையைப் பலூன்போல் ஊதிப் பார்த்துக்கொண்டே. “அரசாங்கக் காரியம்னா தாமதிச்சுதான் வரும். வந்தா வாங்கி வைக்கணும்.”

ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று வந்தது. இரண்டாம் நாள் முகமூடிகள், வெள்ளைப் புறாக்களைப்போல் ஓட்டுமேல் வந்து உட்கார்ந்து, அவரவர் வீட்டுக்காரி வெளியே வந்ததும் இறங்கி மூக்கில் ஒட்டிக்கொண்டன. மூன்றாம் நாள் மணல் வாளிகள். நாலாம் நாள் மறுபடியும் கையுறை. பத்து நாளில் பனிச்சவிளையில் கையுறை போடாத காரியமே இல்லை என்றாயிற்று. ரப்பர் பால் எடுப்பவர்கள் கையுறை போட்டார்கள், நண்டு பிடிப்பவர்கள் போட்டார்கள், கோயில் கொடைக்குப் பொங்கல் பானை இறக்கினவர்கள் போட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை பாடற்குழுவே நீலக் கையோடு நின்று பாடியது, மீன் கழுவினால் கையில் வாடை நிற்பதில்லை என்று புஷ்பலதாகூட யாரோடும் சண்டை பிடிக்காமல் ஒத்துக்கொண்டாள். மணல் வாளிகளில் மல்லி விதைத்தார்கள். எல்லாருக்கும் தெரிந்தது, இது நோட்டு வருகிற வரிசை. நோட்டு ஆபீஸில் இருக்கிறது. வரிசை சுஜிலாவின் தலையில் இருக்கிறது.

அதனால் சாயங்காலமானால் அவள் முற்றத்தில் ஆள் கூடியது.

“நாளைக்கு என்னவாக்கும் வருவு பிள்ளே?”

சுஜிலா முந்தானையைக் கடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, “சோப்பு எக்கா,” என்பாள். “ஆளுக்கு ரெண்டு.” மறுநாள் சோப்பு வரும், வழுக்கிக்கொண்டு, மழை பெய்த இடவழியில் நுரை தள்ளிக்கொண்டு. அந்த ஊரில் எட்டு வருஷம் யாரும் அவள் குரலைக் கேட்டதில்லை, இப்போது வானிலை கேட்பதுபோல் அவளைக் கேட்டார்கள், பங்குச் சாமியார்கூடப் பூசை முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது, திருமண ஓலைகளுக்கும் அசன விருந்துக்கும் நடுவில், நாளை பக்கம் இருபத்தாறு, பொதுமக்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளவும் என்று வாசித்தார். பக்கம் இருபத்தாறு தீப்பயிற்சி. காலை பதினோரு மணிக்கு எங்கிருந்தோ ஒரு மணி அடித்தது, அடித்ததும் நாற்பத்திரண்டு பெண்களின் கால்களும் தாமாகவே எழுந்து, குளித்துக்கொண்டிருந்தவள் குளித்த ஈரத்தோடு சேலையைச் சுற்றிக்கொண்டு, அம்மி அரைத்தவள் குழவியோடு, வரிசை கலையாமல், தள்ளாமல், கத்தாமல், மூன்றே நிமிஷத்தில் பந்துகளிக்கிற திடலில் போய் நின்றார்கள். தங்கலீலாவின் புருஷன் தன் வாழ்நாளில் அவள் கத்தாமல் ஒரு இடத்துக்குப் போனதைப் பார்த்ததில்லை என்று மூன்று நாளாய் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பக்கம் முப்பத்தொன்றுக்கு முந்தின நாள் சுஜிலா அழுகிற முகத்தோடு இருந்தாள்.

“என்ன பிள்ளே?” என்றாள் தங்கலீலா.

“எக்கா, எனக்க கை பிசகிப்போச்சு. தீயணைக்கிற குப்பி ஒண்ணுன்னு எழுதணும். பக்கத்தில நின்னு ஆரோ வெளிச்சத்த மறச்சினும். ஒண்ணுக்குப் பக்கத்தில இன்னொரு ஒண்ணு விழுந்துபோச்சு.”

“அதுக்கு என்னவாம்?”

“பதினொண்ணு வரும் எக்கா.”

பதினொன்று வந்தது, சிவப்பாய், கொழுகொழுவென்று, கன்றுக்குட்டிகள் கூட்டமாய்ப் பட்டிக்குத் திரும்புவதுபோல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உருண்டு. ஆலை இல்லாததால் எங்கே போய் நிற்பதென்று தெரியாமல் குருசடியைச் சுற்றிச் சுற்றி வந்தன. கடைசியில் ஊர்க்காரர்கள் ஆளுக்கொன்றாய் ஓட்டிக்கொண்டு போய் வாசலில் நிறுத்தினார்கள், மீதி ஒன்றை டீக்கடைக்காரர் கழுத்தில் ரிப்பன் கட்டிக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பக்கம் நாற்பதில் டாக்டர் வந்தார். மானேஜர் சார் ஏதாவது ஒரு டாக்டர் பெயர் எழுதிக்கொள் என்று சொன்னதில், பள்ளிக்கூடத்தில் தன்னோடு படித்த இரண்டு பெண்களின் பெயரைச் சேர்த்து சுஜிலாவே வைத்த பெயர், டாக்டர் மேரி சகுந்தலா. வெள்ளைக் கோட்டோடு, நல்ல நிறமாய், முத்துமுத்தாய்ப் பேசிக்கொண்டு வந்து, நாற்பத்திரண்டு பேரின் நாடியையும் பிடித்துப் பார்த்து, அனைவரும் நலம் என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னதிலிருந்து அந்தத் தெருவில் இருமல் இல்லை. நாற்பத்திரண்டு பேருக்குத்தான். சுஜிலாவுக்கு மழைக்காலச் சளி இருந்தது, அது அப்படியே இருந்தது.

ஐம்பத்தெட்டாம் பக்கத்தைப்பற்றி அவள் யாரிடமும் முன்னால் சொல்லவில்லை. அந்த மாதம்தான் செல்வபாயின் வலதுகை ஆள்காட்டி விரல் காலால் மிதித்துக் கொட்டை பிளக்கிற கத்தியில் போனது. அந்த மாதம் விபத்து என்ற கட்டத்தில் இல்லை என்று எழுது என்றார் மானேஜர் சார், அதை எழுதின கை சுஜிலாவின் கை, எழுதிவிட்டு வீட்டுக்குப் போய் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை அவளுக்கு. ஐம்பத்தெட்டாம் நாள் காலையில் செல்வபாய் இட்லிக்கு மாவைக் கரைத்துப்போட்டு கையைக் கழுவியபோது விரல் ஐந்தும் இருந்தன.

செல்வபாய் கத்தவில்லை. எண்ணிப் பார்த்தாள், புருஷனை எழுப்பி அவனை எண்ணச் சொன்னாள், பிறகு அந்த விரலால் காதைக் குடைந்து பார்த்தாள். கொட்டை எண்ணெய் படாத விரல், நகத்தில் கறை இல்லை, மற்ற விரல்களைவிட வயசு குறைச்சல். அது வேலைக்குப் புதுசு, அதற்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி அவள் அதைப் பாத்திரம் விளக்கவிடவில்லை, மிளகாய் கிள்ளவிடவில்லை, ஊர்க்காரர்கள் பார்க்க வந்தால் அவர்கள் முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “செல்லம் குடுத்துக் கெடுக்காத கேட்டியா,” என்றாள் புஷ்பலதா. “நாளைக்கி அது மத்த நாலையும் ஏவும்.”

அன்றைக்கு ஊரே செல்வபாய் வீட்டில் பாயசம் குடித்தது. சுஜிலா குடிக்கவில்லை, தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், மூன்று வருஷத்துக்குப் பிறகு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கினதுபோல் இருந்தது அவளுக்கு. ஆனால் இன்னொரு கல் ஏறிக்கொண்டிருந்தது. நோட்டில் பெயர் இல்லாத வீட்டுக்குக் கையுறை வராததுபோலவே அரசாங்க உதவியும் வராது. அவள் புருஷன் ராபி கேரளத்தில் ஒரு எஸ்டேட்டில் ரப்பர் வெட்டுகிறவன், மழை தொடங்கினால் வெட்டு இல்லை. செம்மீன் உரிக்கிற கம்பெனிக்கு ஆள் பிடிக்க ஆடி முதல் திங்கட்கிழமை வேன் வருகிறது, அங்கேயே தங்கி வேலை, பிள்ளைகளைக் கொண்டுவரக் கூடாது. ஜெர்லினைத் தூத்துக்குடியில் ராபியின் தங்கச்சி வீட்டில் விட வேண்டும். சுஜிலா வேனுக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். ஜெர்லினின் சட்டைகளை ஒரு பையில் மடித்து வைத்து, மறுபடி எடுத்து மடித்து, மறுபடி வைத்தாள்.

ஆனி கடைசி வாரம் ஆபீஸிலிருந்து தாள் வந்தது. பனிச்சவிளை சமூகக்கூடத்தில் வெள்ளிக்கிழமை முகாம். நோட்டில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும், அது நோட்டில் உள்ள கையெழுத்தோடு ஒத்திருக்க வேண்டும்.

தங்கலீலா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு சுஜிலாவின் முற்றத்தில் வந்து உட்கார்ந்தாள். பின்னால் நாற்பத்தோரு பேரும் வந்தார்கள்.

“எக்கா, ஒங்களது அப்படியில்ல,” என்றாள் சுஜிலா, தங்கலீலா சிலேட்டில் போட்டுக் காட்டியதைப் பார்த்து. “பெரிய சுழி ஒண்ணு இருக்கு. இங்கேருந்து எடுத்து, இப்படி.”

“எனக்க கையெழுத்து எனக்குத் தெரியாதா பிள்ளே?”

“தெரியாது எக்கா.”

நாற்பத்திரண்டு பெண்கள் நாலு நாள் தங்கள் கையெழுத்தைப் படித்தார்கள். மண்ணில் எழுதினார்கள், மாவில் எழுதினார்கள், ஈர முதுகில் விரலால் எழுதிக் கேட்டுக்கொண்டார்கள். தனக்கு நாலு குத்துதானா என்று புஷ்பலதா கோபித்துக்கொண்டு, அப்புறம் அதைக் குத்திக் குத்திப் பார்த்ததில் மனசுக்குப் பிடித்துப்போய், தன் வீட்டுச் சுவரிலும் நாலு குத்து வைத்தாள். மூன்றாம் நாள்தான் தங்கலீலா தலையைத் தூக்கி, “ஒனக்க கையெழுத்து எது?” என்று கேட்டாள்.

சுஜிலா சொன்னாள், பக்கத்துக்கு நாற்பத்திரண்டு கோடு என்று.

தங்கலீலா சிலேட்டைக் கீழே வைத்தாள். “நான் வாற அதிகாரிட்டச் சொல்லுதேன், எல்லாம் நீதான் போட்டன்னு,” என்றாள் தங்கலீலா.

“சொல்லாண்டாம் எக்கா. அப்ப எல்லாமே போலின்னு ஆயிரும். எல்லாருக்கும் போயிரும்.” அவள் ஜெர்லினின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். “எனக்கு வேன் இருக்குல்லா.”

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார், சங்கரவடிவு மேடம், திருநெல்வேலிப் பக்கம், கண்ணாடியைச் சங்கிலியில் கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தனக்கு வேண்டிய வெந்நீரைத் தானே ஒரு பிளாஸ்க்கில் கொண்டுவந்திருந்தார். பெரிய நோட்டு மேஜைமேல் இருந்தது. நாற்பத்திரண்டு பேரும் வரிசையில் நின்றார்கள், சுஜிலா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றாள், உன்னைப் பார்த்தால்தான் எங்களுக்குக் கை ஓடும் என்று அவர்கள்தான் நிற்கச் சொன்னார்கள்.

முதலில் தங்கலீலா. பேனாவைப் பிடித்தாள், கை சுழி எடுக்க வேண்டிய இடத்தில் வளைந்து, பாதியில் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது.

“இது உங்க கையெழுத்தாம்மா?” என்றார் மேடம்.

“ஆமா மேடம். இன்னைக்கு அதுக்குச் சொகமில்ல.”

அடுத்தது செல்வபாய். அவளுடைய புது விரல் இதுவரை பேனா பிடித்ததில்லை, தலையிலே அடித்து வளர்க்காத பிள்ளையைப்போல் அது தன் இஷ்டத்துக்கு ஓடி, இதுவரை யாரும் போடாத அழகான வேறொரு கையெழுத்தைப் போட்டுவிட்டது. மூன்றாவது புஷ்பலதா, பயத்தில் ஐந்து குத்து.

மேடம் கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். நோட்டைத் திருப்பினார், முன்னால், பின்னால், வெளிச்சத்தில் பிடித்து. “எல்லாம் ஒரே அழுத்தம்,” என்றார். “எல்லாம் ஒரே சாய்வு. நாப்பத்திரண்டு பேருக்கும் ஒரே கை.” நோட்டை மூடினார். “போலின்னு எழுதித்தான் மேலே அனுப்பணும்.”

சுஜிலா கதவுக்கு வெளியே நின்று அந்த நாற்பத்திரண்டு முதுகுகளையும் பார்த்தாள், தங்கலீலாவின் கொண்டை அவிழ்ந்திருந்தது, செல்வபாய் விரலை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டிருந்தாள், வாய்க்குள் ஏதோ ஒன்று, எட்டு வருஷமாய் எனக்கு வேண்டாம் என்று சொல்லிப் பழகின நாக்குக்கு அடியில் கிடந்த ஒன்று, புரண்டது.

“நானாக்கும்,” என்றாள்.

“யாரு பேசினது?” என்றார் மேடம். அவ்வளவு மெதுவாகச் சொல்லியிருந்தாள்.

“நானாக்கும் மேடம். அவியளுக்கெல்லாம் நான்தான் போட்டேன். அவிய அங்க வேலை பாத்தது நெசம். எட்டு வருஷம் பாத்தினும். தள்ளுறதானா என்னைத் தள்ளுங்க.”

“ஏன் நீ போட்டே?”

“அவியளுக்க கையில கறை மேடம். தொட்டா தாளு கறுத்துப் போவும்.”

மேடம் நோட்டை மறுபடி திறந்தார். “கையுறை கொடுத்ததா எழுதியிருக்கே. கையுறை போட்டிருந்தா கறை எப்படி வரும்?”

“அப்ப தரேல்ல மேடம். இப்பதான் வந்துது.”

“எப்ப?”

“சித்திரை பதினெட்டு. காலம்பற. நான் கிழங்கு தொலிச்சுட்டு இருந்தேன்.”

மேடம் வெந்நீர் ஒரு வாய் குடித்தார், பிறகு பேனாவின் மூடியைக் கழற்றினார். “எல்லாருக்கும் வந்துதா?”

நாற்பத்திரண்டு பேரும் இடுப்பில் சொருகியிருந்த கையுறையை எடுத்துக் காட்டினார்கள். மேடம் ஒரு டிக் போட்டார். முகமூடி, டிக். மணல் வாளி, மல்லி முளைத்திருக்கிறது என்றார்கள், டிக். தீப்பயிற்சி, தங்கலீலாவின் புருஷன் சன்னலுக்கு வெளியே நின்று சாட்சி சொன்னார், டிக். “தீயணைப்பான் பதினொண்ணா? இவ்வளவு சின்ன ஆலைக்கா?”

“கை பிசகிப்போச்சு மேடம்.”

“எங்கே இருக்கு?”

“ஒண்ணு டீக்கடையில.”

டிக். விபத்து இல்லை என்று ஒரு பக்கத்தில் வந்தபோது செல்வபாய் தானாகவே முன்னால் வந்து விரலை மேஜைமேல் வைத்தாள். மேடம் பேனா முனையால் ஒவ்வொரு விரலாய்த் தொட்டு ஐந்து என்று எண்ணி, அந்தக் கட்டத்திலும் டிக் போட்டுவிட்டு, அந்த ஒரு விரலை மட்டும் இன்னொரு தடவை லேசாய்த் தொட்டுப் பார்த்தார்.

“விதி என்ன சொல்லுதுன்னா,” என்றார், எல்லாருக்கும் கேட்கிறமாதிரி, “நடக்காததை நடந்ததுன்னு எழுதினாத்தான் போலி. இதுல இன்னைக்கு வரைக்கும் முறை வந்த பக்கமெல்லாம் நடந்திருக்கு. தாமதமா நடந்திருக்கு. தாமதத்துக்கு எங்க ஆபீஸ்ல தண்டனை கிடையாது. இருந்தா நாங்க யாருமே அங்க இருக்க முடியாது.”

“அப்ப கையெழுத்து மேடம்?” என்றாள் தங்கலீலா.

“ஒருத்தர் எல்லாருக்கும் எழுதலாம். எழுதினது யாருன்னு நோட்டுல இருக்கணும்.” மேடம் அட்டையைத் திருப்பி முதல் பக்கத்துக்கும் முன்னால் இருக்கிற தாளை விரித்தார். யாரும் அதுவரை பார்க்காத தாள். பதிவேட்டை எழுதுபவர் பெயரும் கையொப்பமும் என்று அச்சடித்து, பக்கத்தில் புள்ளி புள்ளியாய் ஒரு கோடு. வெற்றுக்கோடு. நாளைக்குக் கேஸ் என்று வந்தால் தன் தலையில் விடியும் என்று மானேஜர் சார் எட்டு வருஷமும் அதைத் தொடவே இல்லை. மேடம் பேனாவை சுஜிலாவின் பக்கம் திருப்பி வைத்தார்.

தங்கலீலா ஜெர்லினை வாங்கிக்கொண்டாள். சுஜிலா உட்கார்ந்தாள், பேனாவை எடுத்தாள், எடுத்தபின்தான் தெரிந்தது, தனக்கென்று ஒரு கையெழுத்து கிடையாது. ஒரு சுழி எடுக்கப்போனாள், அது தங்கலீலாவுடையது. சாய்த்து ஒரு கோடு என்று நினைத்தாள், அது செல்வபாயுடையது. குத்து வைக்கலாம் என்றால் புஷ்பலதா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லா வளைவும் எல்லா நெளிவும் நாற்பத்திரண்டு பேருக்கும் கொடுத்துத் தீர்ந்துபோயிருந்தன. அதனால் அவள் அஞ்சாம் வகுப்பில் எழுதினதுபோல் எழுத்து எழுத்தாய், சு, ஜி, லா, என்று கொம்பும் கொக்கியும் விடாமல் முழுசாய் எழுதினாள்.

“இது கையெழுத்தா?” என்றார் மேடம்.

“எனக்க பேரு மேடம்.”

மேடம் அதன்மேல் ஊதி மையை உலர்த்தினார். பட்டியல் தாளில் அவள் பெயரைச் சேர்க்கும்போது நாற்பத்துமூன்று என்று போடப் போனவர், நிறுத்தி, “எல்லாத்துக்கும் முன்னாடிப் பக்கத்துல இருக்கிறவ கடைசி ஆளா இருக்க முடியாதே,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, மேலே இடமில்லாத இடத்தில் நெருக்கி, ஒன்று என்று போட்டார்.

திங்கட்கிழமை வேன் வந்து குருசடியில் நின்று ஹார்ன் அடித்தது. தங்கலீலா வெளியே போய், “ஆளில்ல, போ,” என்றாள்.

ஆடி பத்தாம் தேதி பயிற்சி தொடங்கியது, வாழைநாரில் பை பின்னுவது, சமூகக்கூடத்தின் பெரிய அறையில் நாற்பத்துமூன்று பாய், சின்ன அறையில் பிள்ளைகளுக்குத் தொட்டில். பதிவேடு எழுத ஆள் வேண்டும் என்று கேட்டபோது மேடம் வேறு யாரையும் தேடவில்லை. புது நோட்டில் பக்கத்துக்கு ஐம்பது கோடு. முதல் நாள் காலையில் நாற்பத்திரண்டு பேரும் அவரவர் சுழியும் சாய்வும் குத்துமாய் அவரவரே கையெழுத்துப் போட்டுவிட்டு, பாய்க்குப் போகாமல், சுஜிலாவின் மேஜையைச் சுற்றி நின்றார்கள், பாதுகாப்புக்காக இன்று வழங்கப்பட்டவை என்று ஒரு கட்டம் காலியாய் இருந்தது.

“மத்தியானம் மீன்கறின்னு எழுது பிள்ளே,” என்றாள் தங்கலீலா.

“ஒரு மணிக்கூறு உறக்கம்னு எழுது,” என்றாள் செல்வபாய்.

“எனக்க மாமியாருக்குத் தொண்டை கட்டணும்னு எழுது,” என்றாள் புஷ்பலதா.

“அது பாதுகாப்பில வராது எக்கா,” என்றாள் சுஜிலா.

“ஆருக்கு வராது? எனக்கு வரும்.”

சிரித்துக்கொண்டே போய் அவர்கள் நாரைக் கையில் எடுத்தார்கள். சுஜிலா தேதி போட்டாள், எழுதினால் வந்து நிற்கும் என்று தெரிந்தவள் எழுதுகிற நிதானத்தோடு, சிரிப்பை உதட்டுக்குள் பிடித்துக்கொண்டு, இங்கே வேலை செய்கிற நாற்பத்துமூன்று பேருக்கும் தலைக்கு என்று எழுதி, நிறுத்தி, சன்னல் வழியே ஆடிக்காற்றில் ஆடுகிற வாழைகளைப் பார்த்து, இவ்வளவு கேட்கலாமா என்று யோசித்து, கேட்டால் என்ன என்றும் யோசித்து, பேனாவை மறுபடி தாளில் வைத்து, ஒரு எழுத்துத் தொடங்கி, அது முடிவதற்குள், “ஏ சுஜிலா, ஒனக்க மகளு தொட்டில்ல எல்லாப் பிள்ளையளையும் எழுப்பிவிட்டு வரிசையா நிப்பாட்டுதா, ஓடி வா,” என்று தங்கலீலா கூப்பிட, அவள் பேனாவை அப்படியே பாதி எழுத்தின்மேல் வைத்துவிட்டு ஓடினாள்.